படகில் இரண்டு பேர், ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்: ஒரு குளிர்காலப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

நான் காரைக்குடியில் பொது மருத்துவம் பார்ப்பவன். இது என் நோயாளி ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் அமெரிக்காவில் நேர்ந்தது. இருவரும் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன். அங்கே நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. மனைவி (எங்கள் பக்க வழக்கப்படி ஆச்சி என்றே சொல்கிறேன்) சொன்னது, அவர் கணவர் மணி வாரியாக எழுதி வைத்திருந்த படகு நோட்டு, மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதம் மூன்றையும் வைத்துக் கோத்தது இது.

பின்னணி

அவருக்கு 69 வயது. சரக்குக் கப்பலில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, சீஃப் இன்ஜினியராக ஓய்வு பெற்றவர். ஆச்சிக்கு 64. காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் ஒரு ஊரில் பெரிய வீடு. பங்காளிகள் எல்லாம் வெளியூரில் இருப்பதால் சாவிக்கொத்து முழுவதும் ஆச்சி இடுப்பில்தான்.

எங்கள் பக்கத்துக்குக் கடல்தாண்டுவது புதிதில்லை. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தாத்தாக்கள் வீட்டுக்கு வீடு உண்டு. போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் இங்கே இருந்து வீட்டையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

மகன் ஃப்ளோரிடாவில் டாம்பாவில் இருக்கிறார். அந்த வருடம் குளிர்காலத்துக்கு இருவரும் அங்கே போவதாக ஏற்பாடு. மகன் கூடுதலாக ஒன்று செய்தார். ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் 36 அடி ட்ராலர் படகு (மீன்பிடிப் படகு இல்லை, அந்த வடிவில் கட்டிய உல்லாசப் படகு) ஒன்றைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். ஒரே டீசல் இன்ஜின், 7 நாட் (மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்) வேகம், உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை. தீவுகளுக்கு உட்புறம் இருக்கும் அமைதியான நீர்வழியில் மெரினா மெரினாவாகப் போய்த் திரும்ப வேண்டியது. (மெரினா என்றதும் சென்னைக் கடற்கரையை நினைக்க வேண்டாம். அங்கே அது படகு கட்டும் துறை. மின்சாரம், தண்ணீர், டீசல் கிடைக்கும், கழிவுத்தொட்டியையும் காலி செய்து தருவார்கள்.) வடக்கே பனி கொட்டும் மாதங்களில் ஏராளமான வயதான தம்பதிகள் இப்படித்தான் ஃப்ளோரிடாவில் படகோடு குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள்.

உரிமம் ஒரு தடையாகவே இல்லை. ஃப்ளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் படகோட்டும் பாதுகாப்புப் படிப்புக்கான அட்டை கட்டாயம். இவர்கள் வயதுக்குக் கேள்வியே கிடையாது. படகை ஒப்படைத்த அன்று வாடகைக் கம்பெனி ஆள் மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் அவருக்குக் காட்டினார். ஆச்சி அப்போது கீழே அலமாரியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார்.

கிளம்புமுன் என்னிடம் வந்தது

ஐப்பசியில் வந்தார். இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார், முக்கினால்தான் வருகிறது. ஸ்கேனில் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தது. சிறுநீர் கழித்த பிறகும் பையில் 90 மில்லி தங்கியிருந்தது. அந்த வயதில் அதிசயமில்லை. டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று எழுதினேன். இரண்டு வாரத்தில் நாலு தடவை இரண்டாகக் குறைந்தது.

“மூணு மாசத்துக்குச் சேர்த்து எழுதிருங்க டாக்டர், மகன் வீட்டுக்குப் போறோம்” என்றார். எழுதிக் கொடுத்தேன். அங்கே போய் என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. எந்த மாத்திரையோடு இதைச் சேர்க்கக்கூடாது என்றும் சொல்லவில்லை. வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பது காரணம்தான், சமாதானம் இல்லை.

முதல் மூன்று நாள்

பிள்ளையார் நோன்பை மகன் வீட்டிலேயே இழை எடுத்து முடித்துக்கொண்டு, தை முதல் வாரத்தில் படகேறினார்கள். முதல் நாள் மாலை ஃபோர்ட் மையர்ஸில் எடிசன் வீட்டு ஆலமரத்தைப் பார்த்தார்கள். 1925 வாக்கில் இந்தியாவிலிருந்து கன்றாக வந்த மரம். இப்போது ஒரு தோப்பு மாதிரி விழுது விட்டு நிற்கிறது. ஆச்சியின் போனில் படகைவிட அந்த மரத்தின் படங்கள்தான் அதிகம்.

கலூசஹாட்சி ஆற்றில் கடற்பசுக்களுக்காக மெதுவாகப் போகச் சொல்லிப் பலகை வைத்திருக்கும் இடங்களில் ஊர்ந்து, சானிபெல் தாண்டி, இரண்டாம் நாள் கேப்டிவா தீவில் கட்டினார்கள். மறுநாள் காலை படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாம்சுலோசினுக்கு அந்தக் குணம் உண்டு, எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கும். மெதுவாக உட்கார்ந்து எழுந்தால் போதும். அவருக்கோ வேறு கணக்கு: கால் வழுக்கினால் தண்ணீரில் விழுவோம், விழுந்தால் படகை நிறுத்தித் தூக்க ஆள் இல்லை. அன்று முதல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆச்சியிடம்கூடச் சொல்லவில்லை. பின்னால் என்னிடம் சொன்னார்: “ஓடுற இன்ஜின்ல சந்தேகமான பார்ட்டைக் கழட்டி வச்சுட்டேன் டாக்டர்.”

நியாயமில்லாத முடிவு என்று சொல்ல மாட்டேன். தனியாக எடுத்த முடிவு என்பதுதான் கோளாறு.

காற்று திரும்பியது

ஃப்ளோரிடாவின் குளிர்காலம் நம் மார்கழி மாதிரி ஒரே சீராக இருக்காது. வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வடக்கிலிருந்து குளிர்முகம் (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) இறங்கும். தென்கிழக்காக வீசிய காற்று தெற்கு, மேற்கு என்று சுற்றி வடமேற்கில் வந்து பலமாக நிற்கும். ஒரே இரவில் வெப்பம் பத்து பதினைந்து டிகிரி இறங்கிவிடும். நாலாம் நாள் வானிலை அறிக்கையில் இதைக் கேட்ட அவர், கேயோ கோஸ்டா தீவை ஒட்டிய பெலிக்கன் பே என்ற காயலில் நங்கூரம் போட்டுக் காற்று ஓயும்வரை இருப்பது என்று முடிவு செய்தார். 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் கரையேறியது இந்தத் தீவில்தான். பாலம் கிடையாது, படகில்தான் வர முடியும். இருந்தாலும் நங்கூரமிடப் பெயர்பெற்ற, ஒதுக்கமான இடம். கடலோடியாக அவர் செய்தது சரியான காரியம்.

அந்தக் காயலில் ஆழம் இரண்டு ஆளுக்குக்கூட வராது. வாய்ப்பகுதியில் மணல் திட்டு. குளிர்முகத்துக்குப் பின் வடகாற்று பலமாக அடித்தால் உள்நீரைக் கடலுக்குத் தள்ளிவிடும். கடலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் ஓத அட்டவணையில் போட்டிருப்பதைவிட நீர்மட்டம் இறங்கும். அதாவது உள்ளே வந்துவிடலாம், நினைத்த நேரத்தில் வெளியே போக முடியாது.

மூன்று பொட்டலம்

மருத்துவக் கதை இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வரும் வழியில் போக்கா கிராண்ட் கழிமுகத்துப் பக்கம் அலை தூக்கிப் போட்டது. பெரிய கப்பலில் முப்பது வருடம் இருந்தவருக்கும் சின்னப் படகு வேறு ஆட்டம். குமட்டலுக்கு, காரைக்குடியில் வாங்கி வந்த புரோமெத்தசின் மாத்திரை போட்டுக்கொண்டார். சாயங்காலம் குளிர் ஏறியது, மூக்கு ஒழுகியது. ஆச்சி ஊரிலிருந்து கொண்டுபோன சளி மாத்திரையைக் கொடுத்தார்; நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பாராசிட்டமால், ஃபீனைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் மூன்றும் சேர்ந்தது. ராத்திரி இருமல் தூங்கவிடவில்லை என்று, ஃபோர்ட் மையர்ஸ் கடையில் வாங்கிய இரவு நேரச் சளி மருந்தில் ஒரு மூடி. அதில் டாக்சிலமின். ஐந்தாம் நாளும் இதே வரிசை.

பொட்டலம் மூன்று, பெயர் மூன்று, வேலையும் மூன்று என்று அவர்கள் நினைத்தார்கள். ஆனால் புரோமெத்தசின், குளோர்ஃபெனிரமின், டாக்சிலமின் மூன்றும் ஒரே குடும்பம். தூக்கம் தருவதும் வாய் உலரவைப்பதும் மட்டும் இவற்றின் வேலை இல்லை. சிறுநீர்ப்பை சுருங்கித் தள்ளும் விசையையும் குறைக்கும். ஃபீனைலெஃப்ரின் அடுத்த பக்கமிருந்து சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கும். அந்தக் கழுத்தைத் தளர்த்தி வைத்திருந்த டாம்சுலோசினோ மூன்று நாளாக இல்லை. குளிர் வேறு. தள்ளுகிற கை தளர்ந்து, கதவும் இறுகிவிட்டது.

“சளி மாத்திரை சளிக்குத்தானே டாக்டர்னு நெனச்சேன்” என்றார் ஆச்சி. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஐந்தாம் இரவு

நோட்டில் இருப்பது: இரவு 10 மணி, காற்று வடமேற்கு 25 நாட், நங்கூரம் பிடித்திருக்கிறது, சிறுநீர் வரவில்லை. 11.30, வரவில்லை. 1.00, வலி. அதற்குப் பிறகு அவர் கையெழுத்து இல்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு நின்று பார்த்தார். மூன்று மணிக்கு அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது, நிமிர முடியவில்லை. அப்போது அவர் சொன்ன யோசனை, நங்கூரத்தைத் தூக்கிப் போக்கா கிராண்டுக்கு ஓட்டிப் போய்விடலாம் என்பது. பகலில் ஒரு மணி நேர வழி. அந்த இருட்டில், நீர் வற்றிய காயல் வாய்ப்பகுதியில், அந்தக் காற்றில், வளைந்து நிற்கும் ஒருவர். ஆச்சி வேண்டாம் என்றார். ஓட்டுவதைப் பற்றித் தெரிந்து சொல்லவில்லை; இவர் நிற்கிற நிலையைப் பார்த்துச் சொன்னார். இந்த நிகழ்வில் உயிரைக் காப்பாற்றிய முடிவு எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சிறுநீர் அடைப்பு தாங்க முடியாத வலி, ஆனால் விடியும்வரை தாங்கும். தரைதட்டிய படகிலிருந்து இருட்டில் தண்ணீரில் விழுந்தால் தாங்காது.

போனில் சிக்னல் ஒரு கோடு, வரும் போகும். மகனுக்குப் போனபோது 3.20. “ஆத்தா, ரேடியோல சிவப்பு பட்டன் இருக்கும், மூடியைத் தூக்கி அமுக்கிப் பிடிங்க, இல்லேன்னா பதினாறாம் நம்பர்ல...” அதற்குள் அறுந்துவிட்டது. அந்தப் பட்டனை அமுக்கினால் படகின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் தானாகவே கடலோரக் காவல் படைக்குப் போகும். ஆச்சிக்கு எந்தப் பெட்டி ரேடியோ, எது ஆழம் காட்டுவது என்பதே தெரியவில்லை. இருட்டில் நாலு பெட்டி மினுங்கியது. தப்பாக எதையாவது தொட்டு இன்ஜின் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று கை வரவில்லை.

பல குடும்பங்கள் சேர்ந்திருக்கும் வளவில் வளர்ந்தவர் ஆச்சி. வீட்டில் ஒன்று என்றால் பக்கத்து வீட்டைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். வெளியே வந்து பார்த்தபோது நூறு மீட்டர் தள்ளி இன்னொரு படகின் நங்கூர விளக்கு தெரிந்தது. ஹாரன் எது என்பது மட்டும் அவருக்குத் தெரியும், முதல் நாள் பேரன் அமுக்கி விளையாடியது. அதை அமுக்கினார், விடாமல் அமுக்கினார். நிறுத்தாமல் ஒலிப்பான் ஒலிப்பது சர்வதேசக் கடல் விதியிலேயே ஆபத்து அறிவிப்பு என்பது அவருக்குத் தெரியாது.

பத்து நிமிடத்தில் ரப்பர் படகில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். அவர்தான் ரேடியோவில், ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலில் பேசினார். ‘மேடே’ என்று சொல்லாமல், உடனே உயிராபத்து இல்லை ஆனால் அவசரம் என்பதற்கான ‘பான்-பான்’ என்று மூன்று முறை சொல்லி அழைத்தாராம். ஐந்து மணிக்கு முன் மீட்புப் படகு வந்தது.

கொட்டான்

ஏறும்போது ஆச்சி செய்த ஒரு காரியத்தை நான் எங்கே போனாலும் சொல்கிறேன். பாஸ்போர்ட் பையை எடுத்தார். அப்புறம் மேசையில் கிடந்த மாத்திரை அட்டை, மருந்துப் பாட்டில், காலி உறை எல்லாவற்றையும் ஒரே வாரலில் வாரி, சீப்புச் சீடை கொண்டுபோன ஓலைக் கொட்டானில் போட்டு எடுத்துக்கொண்டார்.

அவசரப் பிரிவில் முதல் வேலை கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட்டது. 1,150 மில்லி வந்தது; பை நிறைந்துவிட்டது என்று நமக்குத் தோன்றுவது 400, 500 மில்லியில். “உயிர் வந்துச்சு” என்றார் அவர். பிறகு அந்தப் பெண் மருத்துவர் கொட்டானிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். அட்டையின் பின்பக்கம் படித்து, மூன்றை ஒரு பக்கம் ஒதுக்கி, இனி வேண்டாம் என்றார். கடைசியில் பிரிக்காமலே கிடந்த டாம்சுலோசின் அட்டையை எடுத்துக் காட்டி, இது ஏன் நிறைய மீதி இருக்கிறது என்று கேட்டார். ஆச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்துக்குக் கெடுதல் இல்லை. டாம்சுலோசினைத் திரும்ப ஆரம்பித்து, ஐந்து நாள் தொடையில் கட்டிய பையோடு மகன் வீட்டில் இருந்தார். ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள், தானாகவே போனது. படகை வேறு ஆள் போய் ஓட்டி வந்தார். அதற்குத் தனிக் கட்டணம். பயணக் காப்பீட்டுப் படிவத்தில் ஏற்கனவே உள்ள நோய் என்ற இடத்தில் அவர் ‘இல்லை’ என்று எழுதியிருந்ததால் மருத்துவமனைச் செலவு முழுவதும் கைக்காசு.

ஊர் திரும்பிய பிறகு

மாசியில் இருவரும் வந்தார்கள். அவரைப் பரிசோதித்ததைவிடப் பேசியது அதிகம். மதுரையில் சிறுநீரக நிபுணரிடம் அனுப்பினேன். மாத்திரையைத் தொடரலாம், மறுபடி அடைத்தால் அறுவை சிகிச்சை என்றார்.

நான் மாற்றிக்கொண்டது: டாம்சுலோசின் எழுதும் யாருக்கும், சளி, குமட்டல், அரிப்புக்குக் கடையில் தானாக மாத்திரை வாங்காதீர்கள் என்று தமிழில் சீட்டிலேயே எழுதுகிறேன். எழுந்ததும் தலை சுற்றினால் என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்றும். வெளிநாடு என்றால் எங்கே, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். முடிந்தால் மனைவியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறேன். இதற்கு மூன்று நிமிடம் கூடுகிறது.

ஆனால் மாத்திரை பாதிக் கதைதான். மாரடைப்போ, வழுக்கி விழுந்து காலொடிவதோ எது நடந்திருந்தாலும் அந்தப் படகு அதே நிலையில்தான் நின்றிருக்கும். ஓட்டத் தெரிந்த ஒருவரும், பயணி ஒருவரும். முன்னோருக்குப் படைக்கும் நாளில் அறுபது பேருக்குப் படைப்புச் சமையலை நின்று நடத்துகிறவரைப் பயணியாக உட்காரவைத்தது யார் என்று கேட்டேன். இருவருமே பேசவில்லை. பிறகு ஆச்சி, “எனக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க” என்றார், அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

சித்திரை, வைகாசியில் பாடம் நடந்தது, வீட்டு முற்றத்தில். கோலமாவில் நீர்வழி வரைந்து, சிவப்பு மிதவைக்குத் தக்காளி, பச்சைக்குக் குடைமிளகாய். இதில் ஒரு வேடிக்கை. நம் கடல்களில் துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு இடப்பக்கம் இருக்கும், அமெரிக்காவில் வலப்பக்கம். ஃப்ளோரிடாவின் அந்த உள்வழியில் வடக்கே போகும்போதும் வலப்பக்கம் சிவப்புதான். பழைய பழக்கத்தில் அவர் இரண்டு தடவை தடுமாறினார். ஆச்சிக்குப் பழக்கமே இல்லாததால் தடுமாற்றமும் இல்லை. ரேடியோவில் சொல்ல வேண்டியதைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதி நெட்டுருப் போட்டார்: பான்-பான், பான்-பான், பான்-பான், படகின் பெயர் மூன்று தடவை, இருக்கும் இடம், என்ன உதவி.

அடுத்த தையில் மறுபடி போனார்கள். இம்முறை படகை ஒப்படைத்தபோது ஆச்சிதான் மேலே நின்றார். காப்பீட்டுப் படிவத்தில் புராஸ்டேட் எழுதப்பட்டது. பணம் கொஞ்சம் கூடியது. மாத்திரை இரவு ஒன்பதுக்கு, ஆச்சி கண்முன்.

எட்டு நாளும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கேப்டிவாவுக்கு வடக்கே ஒரு நாள் மதியம் அவர் கீழே தூங்கும்போது ஆச்சி ஓட்டிக்கொண்டிருந்தார். டால்பின் பார்க்கப் போய் மிதவையைவிட்டு வெளியே ஒதுங்கிவிட, படகு மெத்தென்று சேற்றில் உட்கார்ந்தது. இன்ஜினை நியூட்ரலில் போட்டு, ஓத அட்டவணையைப் பார்த்திருக்கிறார். நீர் ஏறுகிற நேரம்தான். ஒன்றரை மணி நேரத்தில் மிதக்கும்.

“அவுகளை எழுப்பலையா ஆச்சி?”

“எதுக்கு எழுப்ப? தண்ணி ஏறட்டும்னு காபி போட்டேன்.”